எண்ணப்பட்டோர் எண்ணுவோராதல்

(ஊர்ச் சுகாதார ஆய்வில் ஊராரின் பங்கு)

எண்ணுதல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஒன்று கணக்கிடுதல், மற்றொன்று சிந்தித்தல். கணக்கில்லாத சிந்தனையும் சிந்தனையில்லாத கணக்கும் பயன் தரா என்பதை உணர்ந்தே நம் முன்னோர் இவ்விரு தொழிலையும் ஒரு சொல்லால் வழங்கினர் போலும். ஆயின், பொதுச் சுகாதாரத் துறையில் இத்தொழில் பெரும்பாலும் வெளியாருக்கே உரியதாகிவிட்டது. ஊரில் உள்ளோர் எண்ணப்படுகின்றனர். ஊருக்கு வெளியே உள்ளோர் எண்ணுகின்றனர். எத்தனை பேருக்குக் காய்ச்சல் கண்டது, எத்தனை வீட்டில் மலசலகூடம் உண்டு, எத்தனை குழந்தைகள் நிறை குறைந்து பிறந்தன என்று கேட்டு எழுதிச் செல்வோர் பலர். எழுதிச் சென்றதன் முடிவு யாது என்பதை அவ்வூராருக்குத் திரும்பி வந்து சொல்வோர் மிகச் சிலர்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பின்னர் இந்நிலையை யாம் கண்ணாரக் கண்டோம். வினாத்தாள் ஏந்தி வந்தோர் தொகை மிகுதி. விடை ஏந்தி வந்தோர் தொகை குறைவு. ஒரே வீட்டாரிடம் ஒரே வினாவைப் பலர் பலமுறை கேட்டனர். கேட்கப்பட்டோர் களைத்தனர், பின்னர்க் கேட்போர் விரும்பும் விடையைச் சொல்லப் பழகினர். அங்ஙனம் பெற்ற கணக்கு யாருக்கும் உதவாது.

இக்குறையை நீக்க வல்ல ஆய்வு முறையொன்று உண்டு. அதனைச் சமூகப் பங்கேற்பு ஆய்வு என்பர். அது யாது, எங்கெங்கே பயன் தந்தது, நம் வாவிக்கரை ஊர்களுக்கு எங்ஙனம் பொருந்தும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறையின் இயல்பு

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களைக் கூறுகின்றார். நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிசெய்பவன் என்பன அவை. நோயாளியை மருத்துவத்துக்கு உட்படும் வெறும் பொருளாகக் கொள்ளாது, மருத்துவத்தின் உறுப்பாகவே, அதுவும் முதல் உறுப்பாகவே வைத்தமை கருதற்பாலது. ஒருவனுக்குச் சொன்ன இவ்விதியை ஓர் ஊருக்கு விரித்துரைத்தால், அதுவே நாம் ஈண்டு ஆராயும் முறையின் சாரமாகும்.

இலங்கையிலே 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவமாதும் நோயாளி தம்மை நாடி வரும் வரையிற் காத்திராது, வீடுதோறும் சென்று நோய் வாராமற் காக்கும் முறை அங்கே தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொடுத்த இந்நாடு, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றது. இப்பெருஞ் செயலில் அவ்வூர்ச் சேவையாளரின் பங்கு பெரிது. அரசு ஊருக்குள் வந்தமை முதற்படி. ஊர் ஆய்வுக்குள் வருவது அடுத்த படி.

இரண்டாவது படியைப் பற்றி உலக அறிஞர் பலர் சிந்தித்தனர். செயலும் ஆய்வும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு செல்லல் வேண்டும் என்பதைக் கேர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர் 1946 இல் எடுத்துரைத்தார். கொலம்பியா நாட்டுச் சமூகவியலறிஞர் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா, 1977 இல் கார்த்தகேனா நகரிற் கூட்டிய உலகக் கருத்தரங்கில், உழவரும் தொழிலாளரும் ஆய்வாளரோடு ஒப்ப அமர்ந்து அறிவை ஆக்கும் நெறிக்கு வலுவூட்டினார். 1978 இல் அல்மா ஆட்டாவிற் கூடிய மாநாடு, தம் சுகாதாரப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்ளுதல் மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அறிவித்தது.

இவற்றையெல்லாம் திரட்டிச் சொல்வதாயின், இம்முறையின் இலக்கணம் ஐந்து. கேள்வி ஊராருடையதாதல், தகவல் திரட்டுதலில் ஊரார் கைகொடுத்தல், கணக்கின் பொருளை ஊராரும் ஆய்வாளரும் கூடி ஆராய்தல், முடிவு ஊருக்குத் திரும்பி வருதல், முடிவினின்றும் ஒரு செயல் பிறத்தல். ஐந்தில் ஒன்று குறையினும் பங்கேற்பு என்பது பெயரளவே.

ஏட்டில் ஏறாத நோய்

வைத்தியசாலை ஏடு அவ்வைத்தியசாலைக்கு வந்தோரையே அறியும். வாராதோரை அறியாது. இதற்குப் பாம்புக்கடி சிறந்த எடுத்துக்காட்டாகும். 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை ஆய்வாளர் நாடளாவி 44,000 க்கு மேற்பட்ட வீடுகளுக்கு நேரே சென்று, முந்திய பன்னிரண்டு மாதத்துள் அவ்வீட்டில் எவரையேனும் பாம்பு கடித்ததா என்று கேட்டனர். அதன்படி, இந்நாட்டில் ஓராண்டிற் பாம்புக்கடி 80,000 க்கு மேலென்றும், நஞ்சேறியோர் ஏறத்தாழ 30,000 என்றும், இறந்தோர் 400 க்கு மேலென்றும் மதிப்பிட்டனர். வைத்தியசாலைக் கணக்கு இதனிலும் மிகக் குறைந்தது. விஷகடி வைத்தியரிடம் சென்றோரும், எங்கும் செல்லாது வீட்டிலேயே இருந்தோரும் அக்கணக்கில் இல்லையாதலின்.

படுவான்கரை வயல்வட்டைகளிலே அறுவடைக் காலத்தில் இராக்காவல் இருக்கும் உழவனுக்கு இச்செய்தி புதிதன்று. எந்த வரம்பில், எந்த மாதத்தில், எந்த நேரத்திற் பாம்பு மிகுதி என்பதை அவன் அறிவான். ஆயின், அவன் அறிந்தது எண்ணாக மாறாத வரையில் நஞ்சுமுறி மருந்து எவ்வூர் வைத்தியசாலையில் எத்துணை வேண்டும் என்பதைத் தீர்மானிப்போர் காதுக்கு அது எட்டாது. அறிவு ஊரில் உண்டு. எண் ஊரில் இல்லை. இரண்டையும் இணைப்பதே ஆய்வு.

கேள்வியின் மொழி

தமிழாசிரியன் என்னும் முறையில் ஒன்றை வற்புறுத்தல் என் கடன். வினா எம்மொழியிற் பிறந்ததோ அம்மொழியின் உலகையே அது காணும். ஈழத்துத் தமிழில் வருத்தம் என்றால் நோய். பிற இடத்துத் தமிழில் அது மனத்துயர். தட்டம்மை உண்டோ என்று கேட்டால் இல்லை என்பாள் ஒரு தாய். சின்னமுத்து வந்ததோ என்று கேட்டால், போன மாசியில் மூன்று பிள்ளைக்கும் வந்தது என்பாள். ஆஸ்துமா என்றால் தலையசைக்கும் முதியவர், முட்டு என்றவுடன் தம் முப்பது ஆண்டுத் துன்பத்தைச் சொல்லத் தொடங்குவார். கக்குவான் இருமலைக் குக்கல் என்றும், மஞ்சட்காமாலையைச் செங்கமாரி என்றும், தாளம்மையைக் கூகைக்கட்டு என்றும் வழங்குவது நம் வழக்கு. கொப்பளிப்பானை அம்மாள் வருத்தம் எனக் கொண்டு, வேப்பிலை செருகி, வைத்தியசாலைக்குச் செல்லாது வீட்டோடு இருக்கும் குடும்பங்களும் உண்டு. அங்கே நோய் உண்டா என்று கேட்பதே பிழையான கேள்வி. அம்மாள் வந்தாளா என்று கேட்டல் வேண்டும்.

ஆதலின், வினாத்தாளை மொழிபெயர்த்தல் போதாது. ஊர்ப் பெண்கள் சிலரோடு அமர்ந்து, இந்நோய்க்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டு, அப்பெயராலேயே வினாவை ஆக்குதல் வேண்டும். பங்கேற்பு என்பது இங்கிருந்தே தொடங்குகின்றது.

உவர்நீரில் வளர்ந்த நுளம்பு

டெங்கு நுளம்பு தூய நன்னீரிலேயே முட்டையிடும் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. சிரட்டை, ரயர், பூச்சாடி, நீர்த்தொட்டி என்பவற்றைத் துப்புரவு செய்தாற் போதும் என்று நாமும் மாணவருக்குச் சொல்லி வந்தோம். ரஞ்சன் இராமசாமி, சுரேந்திரன், வினோபாபா முதலிய ஆய்வாளர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் திருத்தியது. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோரக் குடியிருப்புக்களிலே கைவிடப்பட்ட வள்ளங்களிலும், பாவனையற்ற கிணறுகளிலும், எறியப்பட்ட கண்ணாடி, பிளாஸ்டிக் கலங்களிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். அந்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 2 முதல் 15 பங்கு வரை இருந்தது. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 பங்கு என்பதை ஒப்பிட்டு நோக்குக.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? உட்பகுதி நகரமொன்றை மனத்திற் கொண்டு ஆக்கிய துப்புரவுப் பட்டியலிற் பழைய வள்ளம் இடம்பெறாது. வாவியிலே வலைவீசி வாழும் மீனவர் ஒருவரை அருகில் இருத்தி, உங்கள் வளவிலும் கரையிலும் நீர் தேங்கும் இடங்கள் எவை என்று கேட்டு எழுதியிருந்தால், வள்ளம் முதல் வரியிலேயே வந்திருக்கும். அவர் குடம்பியின் பெயரை அறியாதிருக்கலாம். நீர் தேங்கும் இடத்தை அறிவார். பூச்சியியல் அறிஞர் குடம்பியை அறிவார். எந்த வள்ளம் எந்த ஆண்டு முதற் கவிழ்க்கப்படாது கிடக்கின்றது என்பதை அறியார். இருவர் அறிவும் சேர்ந்தால் அன்றி நோயின் வழி முழுதும் தெரியாது.

கிணற்றின் பாடம்

ஊரார் சொல்வதெல்லாம் சரியென்று கொள்வதன்று இம்முறை. இதனை ஆழிப்பேரலைக்குப் பிந்திய கிணறுகள் நமக்குக் கற்பித்தன.

எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலம். அம்மணலின் கீழ் மழைநீர் மெல்லிய வில்லையைப் போல் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தினும் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேல்மட்டம் இறைப்பினால் ஓர் அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உவர் அதற்கேற்ப மேலெழ முயலும்.

கடல் புகுந்த கிணறுகளைக் கண்டபோது ஊராரும் உதவ வந்தோரும் ஒருமனப்பட்டு ஒன்றையே செய்தனர். பம்பியால் இறைத்தனர், மீண்டும் இறைத்தனர், குளோரின் இட்டனர், மறுபடியும் இறைத்தனர். நல்லெண்ணத்தாற் செய்த செயலே அது. ஆயின், சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தினர் 2005 இற் கிழக்குக் கரைக் கிணறுகளின் உப்பைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, மீண்டும் மீண்டும் இறைத்தல் பயன் தரவில்லையென்பதும், அளவுக்கு மீறிய இறைப்புக் கீழிருந்து உவரை மேலே இழுக்கக்கூடும் என்பதும், உப்பை உண்மையிற் கழுவியது பருவமழையே என்பதும் தெரியவந்தன.

ஊராரின் ஆவலும் வெளியாரின் ஆவலும் ஒருங்கே பிழைத்த இடம் இது. பிழையைத் திருத்தியது அளவு. அவ்வளவைக் கிணற்றுக்கு உரியவரே வாரந்தோறும் எடுத்துக் குறித்திருந்தால், பிழை பல மாதங்களுக்கு முன்னரே அவர் கண்ணுக்கே தெரிந்திருக்கும். பங்கேற்பு ஆய்வின் பயன் ஊராரைப் புகழ்வதன்று. ஊராரின் கையில் அளவுகோலைக் கொடுப்பது.

உழவர் செய்த ஆய்வு

அளவுகோலைக் கொடுத்தால் உழவர் அதனைக் கையாள்வரோ என்று ஐயுறுவோர்க்கு இலங்கையிலேயே விடை உண்டு. 1989 இல் இந்தோனேசியாவில் உழவர் வயற்பள்ளி என்னும் முறை தொடங்கியது. நெல் உழவர் வாரந்தோறும் வயலில் இறங்கி, பூச்சிகளை எண்ணி, கண்டதைப் படமாக வரைந்து, தம்முள் வாதிட்டு, மருந்து தெளிப்பதா இல்லையா என்பதைத் தாமே தீர்மானிக்கும் பள்ளி அது. 2002 முதல் இலங்கையில் இம்முறையோடு நுளம்புக் கட்டுப்பாடும் இணைக்கப்பட்டது. பயிரைத் தின்னும் பூச்சியை எண்ணும் உழவர் அவ்வயல் நீரில் வளரும் நுளம்புக் குடம்பியையும் எண்ணினர்.

யுன்கோ யசுவோகா என்னும் ஆய்வாளரும் அவருடன் உழைத்தோரும் இத்தகைய இருபது வாரப் பயிற்சியொன்றின் விளைவைப் பயிற்சி பெற்ற ஊர்களையும் பெறாத ஊர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2006 இல் வெளியிட்டனர். பயிற்சி பெற்ற ஊர்களில் நுளம்பின் வாழ்க்கை பற்றிய அறிவும் அதனைக் கட்டுப்படுத்தும் செயலும் வளர்ந்தன. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு இன நுளம்புகள் குறைந்தன. பிற நுளம்புகளிற் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. வெற்றியை மட்டும் கூறித் தோல்வியை மறையாமை இவ்வாய்வின் சிறப்பு. ஒப்பிடுதற்குரிய ஊர் இல்லாதிருந்தால் இவ்விரண்டையும் பிரித்தறிந்திருக்க இயலாது என்பதை மாணவர் கருத்திற் கொள்க.

கட்சிரோலியின் மணிகள்

இம்முறையின் முழு ஆற்றலையும் காண்பதற்கு இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்துக்குச் செல்லல் வேண்டும். அங்கே கட்சிரோலி என்னும் காட்டு மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் வைத்தியத் தம்பதியர் 1986 முதல் ஆதிவாசி மக்களிடையே ஆய்வும் சேவையும் செய்து வருகின்றனர். பெரிய கட்டடத்தைக் கண்டு அம்மக்கள் அஞ்சினர். ஆதலின், அவர்களின் விருப்பப்படி சிற்றூர்க் குடிசைகளைப் போன்ற அமைப்பில், அவர்கள் வணங்கும் தந்தேசுவரி அன்னையின் பெயரால் வைத்தியசாலை அமைக்கப்பட்டது.

அம்மாவட்டத்திலே குழந்தைகளைப் பெரிதும் கொன்ற நோய்களுள் ஒன்று நிமோனியா. மூச்சின் வேகத்தைக் கொண்டே அந்நோயை அறியலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும், அதற்குமேல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை 50 முறைக்குக் குறையாமலும் மூச்சுவிட்டால் ஐயுறல் வேண்டும். ஊர் மருத்துவிச்சிகளோ பன்னிரண்டுக்கு மேல் எண்ணிப் பழகாதவர்கள். எழுத்தறியாதோரால் இயலாது என்று கைவிட்டிருக்கலாம். அங்ஙனம் செய்யாது, ஒரு நிமிட மணற்குடுவையும் சில மணிகளும் கோத்த எளிய கருவியொன்றை ஆக்கினர். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்தல் வேண்டும். மணல் முழுதும் விழுமுன் இறுதி மணி நகர்ந்துவிட்டால் குழந்தைக்கு மருந்து வேண்டும். அவ்வளவே. எண்ண அறியாதவள் என்று ஒதுக்கப்பட்டவள் எண்ணினாள், உயிர் காத்தாள்.

பின்னர், பிறந்த சிசுக்களை வீட்டிலேயே பேணும் முறையை 39 ஊர்களில் ஆராய்ந்தனர். ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர்ப் பெண்ணொருத்தியே பயிற்சி பெற்றுச் சிசுவை நிறுத்து, வெப்பம் காத்து, நோய்க்குறி கண்டு, மருந்து கொடுத்து, ஏட்டிற் குறித்தாள். தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த சிசு மரணம் மூன்றாம் ஆண்டில் 25.5 ஆகக் குறைந்தது. 1999 இல் வெளியான இம்முடிவு உலகின் கருத்தை ஈர்த்தது. 2011 இல் இந்திய அரசு வீட்டுவழிச் சிசுப் பராமரிப்பை நாடு முழுவதற்கும் உரிய திட்டமாக ஏற்றது.

இன்னுமொன்றும் கூறத்தக்கது. 1989 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டு ஊர்களில் 650 பெண்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்மைக்குரிய உள்நோய் ஒன்றேனும் இருந்தது. முன்னர் எப்பொழுதேனும் அதற்காகப் பரிசோதிக்கப்பட்டோர் நூற்றுக்கு எண்மர் மாத்திரமே. எந்த ஏடும் அறியாத துன்பம் அது. பெண்கள் பேசுவதற்கு ஏற்ற இடமும் கேட்பதற்கு ஏற்ற காதும் கிடைத்தபோதே அது வெளிவந்தது.

எச்சரிக்கைகள்

ஊரார் என்று ஒருமையிற் சொல்லிவிடுகின்றோம். ஊரின் குரல் ஒன்றன்று. போடியாரின் குரல் வேறு, அவர் வயலிற் கூலிக்கு நாற்றுநடும் பெண்ணின் குரல் வேறு. ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் இருப்போர் சொல்வதையே ஊரின் சொல் என்று எழுதிக்கொண்டால், அதுவும் மற்றொரு வெளியார் ஆய்வே. பெண்கள், கூலியாளர், வாவியின் உட்கரையில் வாழ்வோர் ஆகியோரின் சொல்லைத் தனித்தனியே கேட்டறிதல் இன்றியமையாதது.

இரண்டாவது, நோயாளியின் மானம். வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை அமைத்து அவர்களைத் தனித்து வைத்த வரலாறு நமக்கு உண்டு. நோயினும் நோயின் பெயர் கொடிதாயிருந்த காலம் அது. ஊராரே கணக்கெடுக்கும்போது, அயலாரின் மறை அயலாருக்கே தெரியவரும் இடர் உண்டு. ஆதலின் எவற்றை ஊரார் எண்ணலாம், எவற்றை வைத்தியர் மட்டும் அறிதல் வேண்டும் என்பதை முன்னரே வகுத்தல் வேண்டும். கிணற்றையும் நுளம்பையும் எவரும் எண்ணலாம். காசநோயையும் மனநோயையும் அங்ஙனம் எண்ணலாகாது.

மூன்றாவது, கூலியில்லா வேலையாக இது மாறிவிடலாகாது. அரசு செய்ய வேண்டிய பணியை ஊரின் தலையில் ஏற்றிவிட்டு அதற்குப் பங்கேற்பு என்று பெயரிடுதல் தகாது. ஊர் எண்ணிக் கண்ட குறைக்கு விடையளிக்கும் பொறுப்பு அரச பணிமனைகளுக்கு உண்டு. எண்ணுவோரின் கணக்கைக் கேட்டுச் செயற்படாத இடத்தில் எண்ணிக்கை விரைவில் நின்றுவிடும்.

நான்காவது, எல்லை. எழுவான்கரையிலே தமிழரூரும் முஸ்லிம்களூரும் அடுத்தடுத்து அமைந்தவை. நிலத்தடி நீருக்கு மதில் இல்லை. நுளம்பு வேலியை அறியாது. ஓரூர் தன் கிணற்றை மட்டும் எண்ணி, அயலூர்க் கிணற்றை எண்ணாது விடுமாயின் அக்கணக்கு அரைக் கணக்கே. மனத்தளவில் இன்னும் அகன்று நிற்கும் ஊர்கள் ஒரே வினாவின்முன் கூடியமரும் வாய்ப்பு இம்முறையில் உண்டு. அதனைச் சிறு பயனென்று கொள்ளற்க.

நாம் செய்யத்தக்கன

இதனைப் படித்து முடித்தபின் மறந்துவிடாதிருக்க, நம் கல்லூரிச் சமூகத்தின் ஆற்றலுக்குட்பட்ட இரு பணிகளைக் கூறி அமைகின்றேன்.

ஒன்று, கிணற்றேடு. விரும்பிய மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கிணற்றுக்கு ஓர் ஏடு தொடங்குக. கிணற்றுக்கும் அடுத்துள்ள மலசலகூடத்துக்கும் இடைத்தூரத்தை அளந்து முதற்பக்கத்தில் எழுதுக. அயல் வளவின் குழியையும் மறவற்க. பின்னர் மாதந்தோறும் ஒரே நாளில், கல் கட்டிய கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து குறிக்க. உவர்ப்புத் தெரிகின்றதா என்பதைக் குறிக்க. விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், உப்பையும் நைத்திரேற்றையும் கருவியால் அளக்கலாம். பசளை மிகுதியாக இடும் மணற்பாங்கான தோட்டநிலங்களிலே கிணற்றுநீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைக் கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டுள்ளனர். இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று, புட்டிப்பால் அருந்தும் சிசுவின் குருதியைக் கெடுத்து உடலை நீலமாக்க வல்லது. நீரைக் கொதிக்க வைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவும் செய்யும். இதனை அறியாது கொதிநீரில் மாவைக் கரைத்துக் கொடுக்கும் தாய்க்கு, அவள் வீட்டுக் கிணற்றின் எண்ணையே காட்டிச் சொல்வதைப் போன்ற கல்வி பிறிதில்லை.

மற்றொன்று, வாரக் கணக்கு. டெங்கு நுளம்பின் முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஏழு முதற் பத்து நாள் ஆகும். ஆதலின் வாரம் ஒருமுறை நீர் தேங்கும் இடங்களை நோக்குதல் போதும். 2017 இல் இலங்கையில் 186,000 க்கு மேற்பட்டோர் டெங்கு நோயினராகப் பதிவாகினர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எத்துணை உழைப்பினும் ஒவ்வொரு வளவுக்கும் வாரந்தோறும் செல்ல இயலாது. அவ்வளவில் வாழும் மாணவனுக்கு இயலும். நூறு வீடுகளைப் பார்த்தால் எத்தனை வீட்டிற் குடம்பி காணப்பட்டது என்பதே கணக்கு. பட்டியலை அச்சிட்டுக் கொடாது, ஒவ்வோர் ஒழுங்கையாரும் தத்தம் பட்டியலைத் தாமே ஆக்குக. மீனவர் ஒழுங்கையில் வள்ளம் வரும். தோட்டக்காரர் ஒழுங்கையில் நீர்த்தொட்டி வரும். கடைத்தெருவில் ரயர் வரும். எண்ணும் ஒழுங்கைகளோடு எண்ணாத ஒழுங்கை ஒன்றையும் தவணை முடிவில் ஒருமுறை பார்த்து ஒப்பிடுக. அங்கே காணும் குடம்பியை அன்றே வீட்டாருக்கு அறிவித்து அகற்றச் செய்க.

தவணைக்கு ஒருமுறை, இவ்விரு கணக்கும் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ ஊர்முன் வாசிக்கப்படல் வேண்டும். வீட்டுப் பெயர் கூறாது ஒழுங்கை வாரியாக வாசித்தல் நன்று. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினரை அவ்வவைக்கு அழைத்து, காணப்பட்ட குறைக்கு யார் யாது செய்வர் என்பதை அங்கேயே எழுதிக்கொள்க. அடுத்த தவணையில் அவ்வெழுத்தையே முதலில் வாசிக்க. பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் பரிசோதகரும் உளர். கருவிகளை உதவுதலும், கணக்கைச் சரிபார்த்தலும், மாணவரின் ஐயத்தைத் தீர்த்தலும் அவர்கள் கல்லூரிக்குச் செய்யத்தக்க நற்கைம்மாறாகும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் உடையது. அதன் இருகரையிலும் உள்ள ஊர்கள் எத்தனையோ கணக்குகளில் எண்ணாக நின்றுள்ளன. இறந்தோர் தொகையாக, இடம்பெயர்ந்தோர் தொகையாக, உதவி பெற்றோர் தொகையாகப் பிறர் எழுதிய ஏடுகளில் அவை கிடக்கின்றன. தம் கிணற்றையும் தம் குழந்தையின் மூச்சையும் தாமே எண்ணி எழுதிய ஏடு ஒன்று அவ்வூர்களின் கையில் இருத்தல் வேண்டும். வருகின்ற மாரிக்கு முன்னர் முதற்பக்கத்தை எழுதத் தொடங்குவோமாக.